சாயம் போகும் என்று உத்தரவாதம்!
கைலித் துணி சீமை வாலிபர்களை மயக்கிய கதை

கைலி கட்டாத ஊர் தமிழ்நாட்டில் உண்டா?

அரியலூர் மாவட்டம் கீழப்பழுவூரை எடுத்துக்கொள்ளுங்கள். பழுவேட்டரையர்கள் இருந்து ஆண்ட பழைய ஊர். திருச்சியில் இருந்து சிதம்பரம் போகும் சாலை இந்த ஊர் வழியாகத்தான் போகிறது. விடியற்காலையில் இங்குள்ள டீக்கடை பெஞ்சைப் பாருங்கள். லாரி டிரைவர் ஒருவர் இருப்பார். சிமெண்டு ஆலையில் இரவு ஷிப்டு முடித்து வந்தவர் ஒருவர் இருப்பார். பருத்திக் காட்டுக்குப் புறப்பட்ட விவசாயி ஒருவர் இருப்பார். மூன்று பேர் இடுப்பிலும் கட்டம் போட்ட கைலிதான் இருக்கும்.

கைலி உழைப்பாளியின் உடை. அதைக் கட்டிக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போனால் முகம் சுளிப்பார்கள். ஆபீசுக்குப் போனால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

ஆனால் இதே கட்டம் போட்ட துணியில் சட்டை தைத்துப் போட்டால்தான் "இவன் பெரிய வீட்டுப் பிள்ளை" என்று ஒரு காலத்தில் அமெரிக்காவில் ஒப்புக்கொண்டார்கள்! பணக்கார மாணவர்கள் அந்தச் சட்டைக்காக அலைந்தார்கள். அந்தத் துணிக்கு அவர்கள் வைத்த பெயர் "மதராஸ்".

பாவும் ஊடையும்

முதலில் துணியைத் தெரிந்துகொள்வோம்.

மதராஸ் துணியின் கட்டம் அச்சடித்தது அல்ல. நெய்யும்போதே விழுவது. நூலுக்கு முதலிலேயே சாயம் ஏற்றிவிடுவார்கள். பாவு ஓடும்போது, "சிவப்பு இத்தனை இழை, மஞ்சள் இத்தனை இழை, நீலம் இத்தனை இழை" என்று எண்ணி வரிசைப்படுத்துவார்கள். குறுக்கே ஓடும் ஊடைக்கும் அதே கணக்கு உண்டு. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு நாடா. நெசவாளி ஒரு நாடாவை வைத்துவிட்டு இன்னொன்றை எடுப்பார். ஓர் இழை தப்பினாலும் கட்டம் கோணிப்போகும்.

சிவப்புப் பாவின் மேல் மஞ்சள் ஊடை ஓடினால், அந்த இடம் தூரத்துப் பார்வைக்கு ஆரஞ்சாகத் தெரியும். இப்படி நாலு நிறத்தில் பத்து நிறம் காட்டுவது தறியின் வித்தை. இந்தத் துணிக்கு உள்பக்கம், வெளிப்பக்கம் என்று கிடையாது. எப்படித் திருப்பினாலும் ஒன்றுதான். கைலியை அவசரத்தில் தலைகீழாகக் கட்டினாலும் யாருக்கும் தெரியாமல் போவது இதனால்தான்!

"மதராஸ்" என்று பெயர் இருந்தாலும், இது சென்னைப் பட்டணத்தில் மட்டும் நெய்ததல்ல. அன்றைய சென்னை ராஜதானி மிகப் பெரியது. தமிழ்நாடு, ஆந்திரக் கடற்கரை, மலபார் எல்லாம் அதில் அடக்கம். அங்கங்கே நெய்த துணி கப்பல் ஏறும்போது "மதராஸ்" ஆகிவிடும்.

கோட்டைக்கு முன்பே துணி

இங்கிலீஷ்காரர்கள் சென்னைக்கு வந்ததே துணிக்காகத்தான். 1639-ம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே இந்தக் கரையில் இடம் பிடித்தார். கப்பல் நிற்கத் துறைமுகம் இல்லாத மணல்வெளி அது. அலை அடித்துப் படகைக் கவிழ்க்கும். அப்படியிருந்தும் அவர் இந்த இடத்தை விடவில்லை. பருத்தித் துணி இங்கே மலிவாகக் கிடைத்தது.

பல வருஷங்கள் கழித்து இன்னொரு துரை வந்தார். பெயர் எலிஹு யேல். 1687 முதல் 1692 வரை செயிண்ட் ஜார்ஜ் கோட்டையின் கவர்னர். கம்பெனி வேலையோடு சொந்த வியாபாரமும் பண்ணி நன்றாகச் சம்பாதித்தார். அடிமைகளைக் கப்பல் ஏற்றிய பாவத்திலும் அவருடைய நிர்வாகத்துக்குப் பங்கு உண்டு. கடைசியில் பதவி பறிபோனது. பணம் போகவில்லை.

1718-ல் அமெரிக்காவில் ஒரு சிறு கல்லூரி, கட்டடம் கட்டப் பணம் இல்லாமல் தவித்தது. யேல் துரையிடம் உதவி கேட்டார்கள். அவர் 9 பொதி சரக்கும், 417 புத்தகங்களும், ராஜாவின் படம் ஒன்றும் அனுப்பிவைத்தார். பொதிகளில் இருந்தவை பெரும்பாலும் துணிமணிகள். அவற்றை விற்றதில் 562 பவுன் கிடைத்தது. நன்றிக்கு அடையாளமாகக் கல்லூரிக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். அதுதான் இன்று உலகம் அறிந்த யேல் சர்வகலாசாலை!

இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

தலையில் கட்டச் சொன்ன சட்டம்

மதராஸ் துணி அமெரிக்கக் கண்டத்துக்குப் போனதும், முதலில் அதைப் பெருமையாக அணிந்தவர்கள் பணக்காரர்கள் அல்ல. கறுப்பினப் பெண்கள்.

நியூ ஆர்லியன்ஸ் நகரம் அப்போது ஸ்பெயின் ஆட்சியில் இருந்தது. அங்கே அடிமைத்தளையில் இருந்து விடுபட்ட பெண்கள் தலை அலங்காரம் செய்து, பூவும் நகையும் வைத்து வீதியில் வந்தார்கள். வெள்ளைக்காரச் சீமாட்டிகளுக்குப் பொறுக்கவில்லை. 1786-ல் கவர்னர் மீரோ ஓர் உத்தரவு போட்டார்: "இந்தப் பெண்கள் தலைமுடியைத் துணியால் கட்டி மறைக்க வேண்டும்."

தலைகுனிய வைப்பதற்காகப் போட்ட சட்டம் அது. அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பளிச்சென்ற மதராஸ் கைக்குட்டைத் துணியை வாங்கினார்கள். அதைக் கிரீடம்போல உயர்த்திக் கட்டிக்கொண்டு முன்னைவிட அழகாக வந்தார்கள்! உத்தரவை மீறியதாக யாரும் சொல்ல முடியாது. துணியால்தானே கட்டியிருக்கிறார்கள்?

மார்ட்டினிக், குவாதலூப் தீவுகளில் இன்றும் திருவிழாவுக்கு மதராஸ் தலைக்கட்டு உண்டு. அதிலே ஒரு முனை நிமிர்ந்திருந்தால், "என் மனசு இன்னும் யாருக்கும் சொந்தமில்லை" என்று அர்த்தமாம். இரண்டு முனை என்றால் நிச்சயம் ஆகிவிட்டது. மூன்று என்றால் கல்யாணம் ஆனவள். நாலு முனை இருந்தால்? அதை அந்தத் தீவுக்காரர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். இது குடும்பப் பத்திரிகை!

10 ஆயிரம் கெஜம்

இனி பெரிய கதைக்கு வருவோம்.

1958-ம் ஆண்டு. அமெரிக்காவின் துணி இறக்குமதி வியாபாரி வில்லியம் ஜேக்கப்சன். இங்கே கேப்டன் கிருஷ்ணன் நாயர். கண்ணூர்க்காரர். ராணுவத்தில் இருந்தவர். மாமனார் நெசவு ஆலை வைத்திருந்ததால் துணி வியாபாரத்துக்கு வந்தவர். (பிற்காலத்தில் மனைவி லீலாவின் பெயரில் பெரிய பெரிய ஓட்டல்கள் கட்டியவரும் இவரே. 2014-ல் காலமானார்.)

நாயர் காட்டிய துணியில் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் எல்லாம் அள்ளித் தெளித்தாற்போல் இருந்தன. கிட்டே போனால் சாய வாசனையும் நல்லெண்ணெய் வாசனையும் அடித்தது. ஜேக்கப்சனுக்குப் பிடித்துப்போயிற்று. கெஜம் 1 டாலர் என்று விலை முடிந்தது. அன்றைய கணக்குக்கு நாலே முக்கால் ரூபாய். நாயர் ஓர் எச்சரிக்கையும் சொன்னார்: "இது சாயம் போகும். பச்சைத் தண்ணீரில், மெதுவாக, தனியாகத் துவைக்க வேண்டும்."

ஜேக்கப்சன் 10 ஆயிரம் கெஜத்தை "புரூக்ஸ் பிரதர்ஸ்" கம்பெனிக்கு விற்றார். 1818-ல் தொடங்கிய பழம்பெரும் துணிக்கடை அது. அமெரிக்க ஜனாதிபதிகள் பலர் அங்கே துணி தைத்திருக்கிறார்கள். துணி போய்ச் சேர்ந்தது. எச்சரிக்கை போய்ச் சேரவில்லை!

வாடிக்கையாளர் கொதித்தனர்

கடையில் சட்டையும் கோட்டும் தைத்து விற்றார்கள். வாங்கியவர்கள் வழக்கம்போல வெந்நீரும் சோப்பும் போட்டு மிஷினில் துவைத்தார்கள். மஞ்சள் பச்சையோடு கலந்தது. சிவப்பு எல்லாவற்றின் மேலும் ஏறியது. கூடப் போட்ட வெள்ளைத் துணியெல்லாம் ரோஜா நிறமாயிற்று.

வாடிக்கையாளர்கள் கடைக்குத் திரும்பி வந்து கூச்சல் போட்டார்கள். கோர்ட்டுக்குப் போவோம் என்ற பேச்சு கிளம்பியது. நாயரை அமெரிக்காவுக்கு வரவழைத்தார்கள். அங்கே வக்கீல்கள் கூடி யோசித்தபோது ஒருவருக்கு யோசனை பிறந்தது. வழக்கை மறந்துவிட்டு, "செவன்டீன்" என்ற பெண்கள் பத்திரிகையின் ஆசிரியரோடு நாயருக்குப் பேட்டி ஏற்பாடு செய்தார்கள்.

அந்தப் பத்திரிகையில் பக்கம் பக்கமாகப் படத்தோடு கட்டுரை வந்தது. இந்தியாவில் கையால் நெய்த அற்புதத் துணி! துவைக்கத் துவைக்க நிறம் மாறும்! ஒவ்வொரு சலவைக்கும் ஒரு புதுச் சட்டை! இப்படிப் போயிற்று வர்ணனை. சில நாளில் துணி கேட்டு ஆயிரக்கணக்கில் கடிதங்கள் வந்து குவிந்தனவாம். இதெல்லாம் நாயர் பின்னாளில் சொன்ன கதை.

பிறகு மற்றக் கடைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? "சாயம் போகும் என்று உத்தரவாதம் தருகிறோம்" என்று விளம்பரமே செய்தார்கள். சாயம் போகாத மதராஸ் போலி மதராஸ் ஆகிவிட்டது!

இதை வியாபார சாமர்த்தியம் என்பதா, தில்லுமுல்லு என்பதா? என்னைக் கேட்டால் பாதிப் பாதி. ஆனால் ஒன்று. அவர்கள் பொய் சொல்லவில்லை. நம் ஊர் ஜவுளிக்கடையில் "சாயம் போகவே போகாது" என்று அடித்துச் சொல்வதைவிட அது யோக்கியமான பேச்சுதான்.

வெளுத்தால் மதிப்பு

மதராஸ் சட்டையை மாணவர்கள், அதிலும் பழம்பெரும் சர்வகலாசாலை மாணவர்கள், பிடித்துக்கொண்டார்கள். ஹார்வர்டு, பிரின்ஸ்டன், யேல். ஆமாம், அந்த யேல்தான்! சென்னைக் கவர்னர் கொடுத்த பணத்தில் பெயர் பெற்ற கல்லூரியின் பிள்ளைகள், இருநூற்று நாற்பது வருஷம் கழித்துச் சென்னைத் துணிக்கு ஆசைப்பட்டார்கள்.

புதுச் சட்டைக்கு மதிப்பு இல்லை. வெளுத்த சட்டைக்குத்தான் மதிப்பு! ஏன்? பளபளவென்று புதிதாகப் போட்டால் "நேற்று பணம் வந்தவன்" என்று அர்த்தம். நிறம் மங்கிக் கலங்கியிருந்தால், "இவன் பல வருஷமாக விடுமுறைக்குக் கடற்கரைத் தீவுகளுக்குப் போய்வருகிறவன், பரம்பரைப் பணக்காரன்" என்று அர்த்தம். ஒவ்வொரு சட்டையும் ஒவ்வொரு விதமாக வெளுப்பதால் உன்னுடையது போல் என்னிடம் இல்லை, என்னுடையது போல் உன்னிடம் இல்லை. அதிலே ஒரு பெருமை.

வெளுத்த கைலியைக் கட்டியிருப்பவரை நம் ஊரில் என்ன நினைக்கிறோம்? அதைச் சொல்ல வேண்டுமா!

இந்தச் சட்டை பணக்காரர்களின் அடையாளம் என்பதற்கு அச்சில் சாட்சி இருக்கிறது. 1967-ல் வெளியான "தி அவுட்சைடர்ஸ்" என்ற நாவல். எழுதியவர் எஸ்.ஈ.ஹின்டன் என்ற இளம்பெண். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே எழுதத் தொடங்கிவிட்டார். ஓர் ஊரில் பணக்காரப் பையன்கள் ஒரு கோஷ்டி, ஏழைப் பையன்கள் ஒரு கோஷ்டி. ஏழைப் பையன்களுக்குத் தலையில் வழிய வழிய எண்ணெய். பணக்காரப் பையன்களுக்கு மதராஸ் சட்டை. தெருவில் மதராஸ் சட்டை வருகிறது என்றால் ஏழைப் பையனுக்கு வயிற்றைக் கலக்கும். அடிக்க வருகிறார்கள் என்று அர்த்தம்!

குழித்தறியில் காலை விட்டு உட்கார்ந்து அதை நெய்தவருக்கு இது தெரிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்?

இங்கிலாந்தில் தலைகீழ்

அமெரிக்காவில் ஏழையின் துணி பணக்காரப் பிள்ளைக்குப் போயிற்று. அதே காலத்தில் இங்கிலாந்தில் நடந்தது நேர் எதிர். பணக்காரர் ஆட்டத்துச் சட்டை ஏழைப் பிள்ளைக்கு வந்தது. இது நெசவுத் துணி அல்ல, பனியன்போல் பின்னிய துணி.

பிரெட் பெர்ரி என்றொரு டென்னிஸ் வீரர். 1909-ல் பிறந்தவர். அப்பா பஞ்சாலைத் தொழிலாளியாக இருந்து, தொழிற்கட்சி சார்பில் பார்லிமெண்டு மெம்பர் ஆனவர். டென்னிஸ் அன்றைக்குச் சீமான்கள் ஆட்டம். அதிலே பெர்ரி 1934, 1935, 1936 என்று மூன்று வருஷம் தொடர்ந்து விம்பிள்டன் கோப்பையை வென்றார்.

முதல் முறை ஜெயித்த அன்று குளித்துக்கொண்டிருந்தார். வெளியே கிளப் கமிட்டிக்காரர் ஒருவர், தோற்றுப்போன ஆஸ்திரேலிய வீரரிடம், "இன்று ஜெயித்தவன் உன்னைவிடச் சிறந்தவன் அல்ல" என்ற பொருளில் ஆறுதல் சொன்னது அவர் காதில் விழுந்தது. ஜெயித்தவருக்குக் கிளப்பின் கழுத்துப் பட்டை கொடுப்பது வழக்கம். அதை நாற்காலியில் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். கையில் கொடுத்துப் பாராட்ட மனம் வரவில்லை! பெர்ரி இதைக் கடைசிவரை மறக்கவில்லை.

அவர் 1952-ல் டிபி வெக்னர் என்ற ஆஸ்திரியக்காரரோடு சேர்ந்து காலர் வைத்த பின்னல் சட்டையை விற்பனைக்குக் கொண்டுவந்தார். நெஞ்சில் வாகை மாலை போல ஓர் இலை வளையம். பெர்ரி முதலில் தாம் குடிக்கும் புகைக்குழாயைத்தான் சின்னமாக வைக்க நினைத்தாராம். "பெண்கள் விரும்பமாட்டார்கள்" என்று வெக்னர் தடுத்துவிட்டார். நல்ல வேளை!

1960-களில் இங்கிலாந்தின் தொழிலாளர் வீட்டு வாலிபர்கள் ஒரு தினுசாக உடுத்தத் தொடங்கினார்கள். "மாட்" என்று பெயர். வாரம் முழுவதும் வேலை. சனிக்கிழமை இரவு முழுவதும் நடனம். அதற்குப் பெர்ரி சட்டை தோதாக இருந்தது. பின்னல் துணி ஆனதால் உடம்போடு வளையும், வேர்த்தாலும் மடிப்பு கலையாது, பார்வைக்கும் கௌரவம். முதலாளி மகனைவிட நேர்த்தியாக உடுத்திக் காட்ட வேண்டும் என்பது அவர்கள் வீம்பு.

இந்த வாலிபர்கள் அமெரிக்கக் கல்லூரி நாகரிகத்தையும் விடவில்லை. லண்டனை அடுத்த ரிச்மண்டில் "ஐவி ஷாப்" என்று அதற்கென்றே ஒரு கடை வந்தது. அந்த வழியாக நம் மதராஸ் கட்டமும் அங்கே போய்ச் சேர்ந்தது.

சட்டைக்கு வந்த சோதனை

சட்டையை யார் வேண்டுமானாலும் வாங்கலாம் அல்லவா? அதுதான் வினை.

1960-களின் கடைசியில் மொட்டைத் தலை வாலிபர்கள் கிளம்பினார்கள். "ஸ்கின்ஹெட்" என்று பெயர். முதலில் அவர்கள் ஜமைக்காவில் இருந்து வந்த கறுப்பின வாலிபர்களோடு சேர்ந்து பாட்டுக் கேட்டவர்கள்தான். பிறகு ஒரு பகுதியினர் நிறவெறி பிடித்து அலைந்தார்கள். இந்தியா, பாகிஸ்தானில் இருந்து போய்க் குடியேறியவர்களை வழிமறித்து அடித்தார்கள். அந்த அடியாட்களின் நெஞ்சிலும் அதே இலை வளையம்!

1979-ல் கோவென்ட்ரி நகரில் "ஸ்பெஷல்ஸ்" பாட்டுக் குழு பேர் வாங்கியது. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேடையில் ஆடிப் பாடிய குழு. அவர்களும் பெர்ரி சட்டையைத்தான் போட்டார்கள். அப்போது இங்கிலாந்தில் ஒரு நம் ஊர்க்காரர் இரவில் தெருவில் போகிறார், எதிரே அந்தச் சட்டை வருகிறது என்று வையுங்கள். வருகிறவன் சிநேகிதனா, சத்துருவா? கிட்டே வந்தபிறகுதான் தெரியும்.

அமெரிக்காவில் "புரவுட் பாய்ஸ்" என்ற தீவிர வலதுசாரிக் கும்பல், கறுப்பில் மஞ்சள் கரை போட்ட பெர்ரி சட்டையைத் தன் சீருடை ஆக்கிக்கொண்டது. கம்பெனி 2019-ல் அந்த நிறச் சட்டையை அங்கே விற்பதை நிறுத்தியது. 2020-ல் அதைப் பகிரங்கமாகவும் அறிவித்தது. வருகிற காசை வேண்டாம் என்றது பாராட்ட வேண்டிய காரியம்.

நெய்தவருக்கு என்ன கிடைத்தது?

அமெரிக்க மோகம் 1960-களின் பிற்பகுதியில் தணிந்தது. சாயம் போகாத மதராஸ் வந்தது. மில்லில் நெய்த மதராஸும் வந்தது. வெளிநாட்டு ஆர்டரை நம்பித் தறியில் பாவு ஏற்றியிருந்தவர்களுக்கு அது பலத்த அடி. துணிக்குப் பெயர் "மதராஸ்". அதை நெய்தவர் பெயரை எந்த விளம்பரத்திலும் போடவில்லை.

கீழப்பழுவூரில் இருந்து கிழக்கே போனால் ஜெயங்கொண்டம் வட்டாரத்தில் இன்றும் கைத்தறி உண்டு. ஆனால் அங்கே பட்டுச் சேலைக்குத்தான் பெயர். கைலி பெரும்பாலும் விசைத்தறிக்குப் போய்விட்டது. 1985-ல் மத்திய அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. சில ரகங்களைக் கைத்தறியில் மட்டுமே நெய்யலாம் என்பது சட்டம். அந்தப் பட்டியலில் கைலியும் இருக்கிறது! ஜவுளிக்கடையில் போய், "கைத்தறிக் கைலி எடுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். எத்தனை கடையில் எடுத்துப் போடுகிறார்கள் என்று தெரிந்துவிடும்.

2014-ல் சென்னையில் ஐகோர்ட்டு நீதிபதி ஒருவரை, வேட்டி கட்டியிருந்ததற்காக ஒரு கிளப்பில் உள்ளே விடவில்லை. தமிழகமே கொதித்தது. வேட்டியைத் தடுக்கக்கூடாது என்று அதே வருஷம் சட்டசபையில் சட்டம் நிறைவேறியது. கைலிக்காக அன்று யாரும் வாய் திறந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

வீட்டுக்கு ஒரு குறிப்பு

கைத்தறிக் கைலியோ, கட்டம் போட்ட சட்டைத் துணியோ வாங்கினால், முதல் சலவைக்கு நாயர் சொன்ன முறையையே வைத்துக்கொள்ளுங்கள். பச்சைத் தண்ணீர் போதும். ஒரு கைப்பிடி கல் உப்புப் போட்டு, தனி வாளியில் சிறிது நேரம் நனைத்து, முறுக்காமல் அலசி, நிழலில் உலர்த்துங்கள். வெந்நீர் வேண்டாம். அப்பாவின் வெள்ளை வேட்டியோடு சேர்த்து ஊறப்போட்டுவிட்டு, "அமெரிக்காவில் இதுதான் நாகரிகம்" என்று சமாதானம் சொன்னால் வரும் சண்டைக்கு நாங்கள் பொறுப்பல்ல!